பியோ புரொபசரின் முதல் வரி

பியோ மான்-சொக் என்ற மனிதரைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், பதில் தயாராக இருக்கிறது. அவர் வாழ்க்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டவள் நான். அவர் ஏழு வருஷம் பட்ட பாடு அது. அதை அழிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நல்லதற்குத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

சாங்போவில், சிப்பிக் கொட்டகைகளைத் தாண்டி மேட்டில் இருக்கும் கடல்சார் பல்கலைக்கழகத்தில் நான் அலுவலக ஊழியர். பெயர் ஓக் யொன்-சில். வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வேலை. ஆனாலும் எல்லாரும் ‘ஓக் டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் ஸ்டேப்ளர் பின் வாங்கிக் கொடுப்பவளும் டீச்சர்தான். சம்பளத்தில் காட்டாத மரியாதையைக் கூப்பிடுவதில் காட்டிவிடுவார்கள்.

பியோ புரொபசர் எங்களிடம் வேலைக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. அந்த வயதில் மற்றவர்கள் துறைத்தலைவராகி, தொப்பையும் வைத்திருப்பார்கள். இவர் இடது கையில் இரண்டு விரல் மடங்கியபடி, ரப்பர் பூட்ஸோடு ஆபீசுக்குள் வந்து நின்றார். நான் அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தேன்.

“சார், பூட்ஸை வெளியில கழட்டக்கூடாதா? இது ஆபீஸா, படகுத்துறையா?” என்றேன்.

“கழட்டினா சாக்ஸ் நாறும் டீச்சர். சேறு பரவாயில்லையா, அது பரவாயில்லையா, நீங்களே சொல்லுங்க” என்றார். மறுநாள் காயப்போட்ட தட்டைமீன் நாலு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஆபீஸ் முழுக்க அந்த நாற்றம் ஒரு வாரம் இருந்தது.

அவர் படித்தது சிப்பிகளுக்கு வரும் நோயை. கடல் செந்நிறமாகி வளர்ப்புச் சிப்பிகள் சாக ஆரம்பித்தால், எங்கள் ஊர்க்காரர்கள் மீன்வளத்துறைக்குப் போன் செய்வதற்கு முன்னால் இவருக்குச் செய்வார்கள். வகுப்பு நடுவிலேயே போனை எடுத்துவிடுவார். “சிப்பி தொங்கற கயித்தை ரெண்டு மீட்டர் கீழ இறக்குய்யா! சர்க்கார் தாள் வர்ற வரைக்கும் சிப்பி காத்துக்கிட்டு இருக்குமா?” என்று கத்துவது தாழ்வாரம் வரைக்கும் கேட்கும்.

அந்த மடங்கிய விரல்கள் வலை ஆலை இயந்திரத்தில் சிக்கியவை. பதினாலு வயதில் வேலைக்குப் போனவர். பள்ளிக்கூடம் போகாமலே தகுதித் தேர்வு எழுதி, அப்புறம் வானொலியில் பாடம் நடத்தும் தபால்வழிக் கல்லூரியில் ஏழு வருஷம் படித்து, பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் பூசானில் முதுகலை, ஜப்பானில் முனைவர் பட்டம். இதை அவர் எங்கும் மறைத்ததில்லை. மதியச் சாப்பாட்டில் கிம்ச்சியை மென்றுகொண்டே சாதாரணமாகச் சொல்வார். கேட்கும் எனக்குத்தான் முகம் சிவக்கும்.

ஏன் சிவக்க வேண்டும்? அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பெண்கள் வணிகப் பள்ளியோடு படிப்பை முடித்தவள். தட்டச்சில் பள்ளிக்கே முதலாவது. ஆனால் எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் வயது, சொந்த ஊர், அடுத்த மூச்சில் “எந்த வருஷ செட்டு?” என்று கேட்பார்கள். எந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்தாய் என்று அர்த்தம். சேர்ந்தாயா என்று கேட்கவே மாட்டார்கள். என் மகள் நான்காம் வகுப்பில் குடும்ப விவரப் படிவம் கொண்டுவந்தாள். அப்பா படிப்பு, அம்மா படிப்பு என்று இரண்டு கட்டம். அம்மா கட்டத்தில் ‘கல்லூரி’ என்று எழுதினேன்.

“எந்தக் காலேஜும்மா?” என்றாள்.

“கேள்வி கேக்காம பையில வை” என்றேன்.

அப்படிப்பட்டவள் கையில்தான் 2005ஆம் வருஷம் அந்தக் கையேடு வந்து சேர்ந்தது.

நாகசாகிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு நாங்கள் கூட்டு முதுகலைப் படிப்பு தொடங்கினோம். ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே, முடிவில் இரண்டு பட்டம். எங்கள் பக்கம் தலைவர் பியோ புரொபசர். அந்தப் பக்கம் இசொகாய் என்ற புரொபசர், இவரோடு ஒரே ஆய்வகத்தில் இருந்தவர். கையேட்டில் இரண்டு பக்கத்திலும் நான்கு நான்கு பேராசிரியர்கள். படம், பெயர், அதன்கீழ் மூன்று வரி. முதல் வரி இளங்கலை, அடுத்தது முதுகலை, கடைசியில் முனைவர்.

டீன் நாம்குங் என்னைக் கூப்பிட்டு, “ஓக் டீச்சர், பெத்தவங்க முதல் வரியைத்தான் பார்ப்பாங்க. டாக்டர் பட்டம் எல்லாருக்கும் இருக்கு. பதினெட்டு வயசுல எங்க நுழைஞ்சான்னுதான் நம்ம ஜனம் பார்க்கும். தலைவர் பக்கம் நல்லா எடுப்பா இருக்கணும்” என்றார். நான்கு பேரில் அவரும் ஒருவர்; அவருடைய முதல் வரி தலைநகர் சியோலின் கல்லூரி. மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே.

பியோ புரொபசர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். தபால்வழிக் கல்லூரியின் பெயர், ‘ஏழு ஆண்டுகள்’, அதன்கீழ் மற்றவை. இசொகாயின் விவரம் பேக்ஸில் வந்தது. அது மீன்பிடி உயர்நிலைப் பள்ளியில் ஆரம்பித்தது. நடுவில் சூரைமீன் கப்பலில் இரண்டு வருஷம். நான் சிரித்தேன். இதையெல்லாமா எழுதுவார்கள், இந்த ஜப்பான்காரர்களுக்கு விவஸ்தையே இல்லை என்று நினைத்தேன். அவர்கள் பக்கம், அவர்கள் பாடு என்று அதை அப்படியே விட்டேன்.

எங்கள் பக்கத்தைத் திரையில் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று பேருக்குக் கீழே சியோல், சியோல், சியோல். தலைவருக்குக் கீழே வானொலிக் கல்லூரி. பெற்றோர்கள் அதைப் பார்த்து உதட்டைச் சுழிப்பது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அந்த வரியை அழித்தேன். முதுகலையில் திடீரென்று தொடங்குவது விகாரமாக இருந்தது. அதையும் அழித்தேன். ‘முனைவர், ஜப்பான்’ என்று ஒரே வரி. கம்பீரமாக இருந்தது. அவருக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு அச்சகத்துக்கு அனுப்பினேன். அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மகளின் படிவத்தை நிரப்பியபோது யாரைக் கேட்டேன்?

தொடக்க விழாவில் அவர் கையேட்டைப் புரட்டினார். தன் விவரம் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். அப்புறம் என்னிடம் வந்தார்.

“டீச்சர், எனக்கு மேல ரெண்டு வரி விட்டுப்போச்சே?”

“இடம் பத்தலைன்னு பிரஸ்ல எடுத்துட்டாங்க சார்.”

“சரி, அடுத்த தடவை சேர்த்துடுங்க. அது முக்கியம்” என்றார். அவர் எதையும் முக்கியம் என்று சொல்கிற ஆளில்லை. நான் தலையாட்டினேன்.

அன்றைக்கே இன்னொரு பொய்யும் சொன்னேன். கடைசி வரிசையில், நீலப் பட்டு ஹன்போக் உடுத்தி, கை முழுக்க வெட்டுத் தழும்போடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். பியோ புரொபசரின் அக்கா, மல்-சூன். சிப்பிக் கொட்டகையில் ஓடு உடைப்பவள். கையேட்டின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் அரிசிக் கேக் தட்டை நீட்டினேன். அவள் எடுக்கவில்லை.

“இங்க பாருங்கம்மா, மத்தவங்களுக்கெல்லாம் முதல்ல காலேஜ் பேரு இருக்கு. எங்க தம்பிக்கு மட்டும் ஏன் ஜப்பான்ல ஆரம்பிக்குது?”

“அவங்கவங்க எழுதிக் குடுத்ததைத்தான் அக்கா நாங்க போடுவோம்” என்றேன். நாக்கு கூசவில்லை. தட்டோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. விருந்துக்கு அவள் இருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷமும் அதே கையேடுதான் அச்சானது. நான் எதையும் சேர்க்கவில்லை. அவர் கேட்டார். மறந்துவிட்டது என்றேன்.

அப்புறம் 2007 கோடை வந்தது. அந்தக் கோடையில் நாடே போலிப் பட்டம் தேடிக்கொண்டிருந்தது. தினமும் செய்தியில் யாரோ ஒருவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். நேற்றுவரை பக்கத்து மேஜையில் இருந்தவனின் பட்டத்தை மற்றவன் இணையத்தில் துழாவினான். எங்கள் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒருநாள் பெயரில்லாமல் ஒரு பதிவு: ‘கூட்டுப் படிப்பின் தலைவருக்கு மட்டும் இளங்கலையே இல்லையே, ஏன்?’ சாயங்காலத்துக்குள் அதன்கீழ் நூற்றுக்கும் மேல் பதில்கள். ஒருவர், ஜப்பானில் பட்டம் காசுக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

விசாரணைக் குழு கூடியது. ஐந்து பேர். கூட்டக் குறிப்பு எழுத என்னை உட்காரவைத்தார்கள்.

இதை நான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்த ஜூலையில்தான் புதுச் சட்டம் வந்து, ஒப்பந்த ஊழியர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியல் டீனின் மேஜையில். பதினோரு வருஷ ஒப்பந்தத்துக்குப் பிறகு என் பெயர் அதில் ஏழாவதாக இருந்தது. எனக்குத் தெரியும். பியோ புரொபசருக்கும் தெரியும். எனக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதியதே அவர்தான். அவர் கையால் எழுதிய துண்டுத்தாள், இரண்டு வருஷமாக என் இழுப்பறையில், பசைப் புட்டிக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தால் விஷயம் முடிந்தது. என் வேலையும் முடிந்தது.

பட்டங்களெல்லாம் அசல் என்று முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. சான்றிதழ்களை ஒரு பழைய உறையில் வரிசையாகக் கொண்டுவந்திருந்தார். ஆனால் டீன் விடவில்லை.

“பட்டம் அசல்தான், ஒத்துக்கறேன். அப்ப ஏன் மறைச்சீங்க? தபால்வழிக் காலேஜ்னா கேவலமா? மாணவர்கள் கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது? இந்த வாசகத்தை யார் குடுத்தது?”

பியோ புரொபசர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. குறிப்பேட்டில் தேதியை இன்னொரு தரம் எழுதினேன்.

“நான்தான் சரியாப் பார்க்கலை. என் தப்பு” என்றார் அவர்.

என் கை அதை எழுதியது. ‘பேரா. பியோ: தாமே கவனிக்கவில்லை என்றும், தவறு தம்முடையது என்றும் ஒப்புக்கொண்டார்.’ பிழையில்லாமல், அழகான கையெழுத்தில். வணிகப் பள்ளியில் அதற்கும் எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அவர் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். கௌரவமாக விலகியதாகச் சுற்றறிக்கை. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். செப்டம்பரில் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. தாழ்வாரத்தில் பார்த்தபோது, “கேள்விப்பட்டேன் டீச்சர், ரொம்ப சந்தோஷம். இனிமே என் பூட்ஸை நீங்க சட்டப்படியே திட்டலாம்” என்றார். அதற்கு நான் சிரித்தேன்.

இசொகாய் அந்த இலையுதிர் காலத்தில் வந்தார். எங்கள் மொழியை மெதுவாக, பிசகில்லாமல் பேசுவார். புதிய தலைவரோடு கூட்டுப் படிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் மேஜைக்கு வந்து நின்றார்.

“எனக்கு ஒண்ணு புரியலை. பியோ அதை ஏன் மறைக்கணும்? எங்க ஆய்வகத்துக்கு வந்த முதல் நாளே ஒரு பை நிறைய நோட்டுகளை எடுத்துக் காட்டினான். வானொலிப் பாடம் நடக்கிற நேரத்துல அவனுக்கு ஷிப்ட் இருந்தா, அவன் அக்காதான் கேட்டு எழுதுவாங்களாம். அவங்க ஆரம்பப் பள்ளி மட்டும் படிச்சவங்க. அர்த்தம் தெரியாது. காதுல விழுந்த சத்தத்தை அப்படியே எழுதியிருப்பாங்க. அந்த நோட்டுல படிச்சுத்தான் பாஸ் பண்ணேன்னு அவனுக்கு அவ்வளவு பெருமை. அந்த மனுஷனா மறைப்பான்?”

நான் ஏதோ ஃபைலைத் தேடுவதுபோலக் குனிந்தேன். அவர் போய்விட்டார். கையேட்டின்மேல் நகர்ந்த அந்த விரல் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் அழித்தது இரண்டு பேருடைய படிப்பு.

அப்போதாவது நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிரந்தர வேலை கிடைத்தபின் பயம் போகும் என்று நினைத்தேன். இழக்க ஒன்று வந்ததும் பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று ஊரில் பேச்சு அடிபட்டது. அறுவடைத் திருநாளுக்கு அவர் பலகாரப் பெட்டியோடு கொட்டகைப் பக்கம் போவதை பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு வருஷம் பார்த்தேன். பக்கத்தில் யாரோ, “அந்தம்மா கதவையே திறக்கறதில்லையாம். வளர்ந்ததும் அக்காவைச் சொல்லிக்க வெக்கமாயிடுச்சு அவனுக்கு” என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2014 பிப்ரவரியில் அவருக்கு ஓய்வு. வழக்கப்படி ஓய்வு மலர் ஒன்று போடுவார்கள். முதல் பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு. தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடம்தான் வந்தது. இழுப்பறையைத் திறந்து, பசைப் புட்டியைத் தூக்கி, அந்தத் துண்டுத்தாளை எடுத்தேன். ஓரம் மஞ்சளாகியிருந்தது. எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்து அடித்தேன். அச்சாகி வந்த முதல் பிரதியையும் துண்டுத்தாளையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மலரைப் பார்க்கவில்லை. துண்டுத்தாளைத்தான் பார்த்தார்.

“இதை வச்சிருந்தீங்களா?” என்றார். “நீங்கதான் எடுத்தீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். பிரஸ்காரன் சிப்பிக்காரன் மவன். நான் போன் பண்ணிக் கேட்டேன். அது போகட்டும். அக்கா ஏன் என் மூஞ்சில முழிக்கறதில்லைன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?”

சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே போங்க” என்றார். அவர் குரலில் முதல்முறையாக ஒரு கடுமை இருந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

கொட்டகையில் முப்பது பெண்கள் வரிசையாக நின்று ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள். மல்-சூன் அக்கா ஓரத்தில் நின்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் கத்தி நிற்கவே இல்லை. ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். கடைசியில் மலரை விரித்துக் காட்டினேன். கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, விரலை வைத்து, கல்லூரியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘ஏழு ஆண்டுகள்’ என்பதை இரண்டு தடவை படித்தாள்.

“நீ எந்தக் காலேஜும்மா?” என்றாள்.

“நான் காலேஜ் போனதில்லை அக்கா. வணிகப் பள்ளி.” வாழ்க்கையில் முதல்முறையாக அதை ஒருவரிடம் சொன்னேன்.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஒன்பது வருஷம். திருநாளுக்குத் திருநாள் அவன் பெட்டியைத் தூக்கிட்டு வருவான். நான் உள்ள உக்காந்துக்கிட்டு, ஆள் இல்லைன்னு பக்கத்து வீட்டுக்காரியை விட்டுச் சொல்லச் சொல்லுவேன். அவன் வாசல்ல வச்சிட்டுப் போறதை நாய்க்குப் போட்டேன். இந்த வரியை நீ அச்சடிச்சுட்டே, சரி. அந்த ஒன்பது வருஷத்தை எந்தப் பக்கத்துல அச்சடிப்பே?”

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் மலரை மடித்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு, அடுத்த சிப்பியை எடுத்தாள். “போ. இங்க நின்னா உன் செருப்பு நனையும்” என்றாள்.

ஓய்வு விழாவுக்கு அதே நீல ஹன்போக்கில் வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மடங்கிய விரல்களை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அரிசிக் கேக் தட்டோடு அந்த வரிசைக்குப் போனேன். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் டீன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், 2007 கூட்டக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்று. அதற்குள் டீன் மாறியிருந்தார். என் கடிதத்தைக் குறிப்போடு சேர்த்து வைக்கிறோம், ஆனால் கையெழுத்தான பதிவைத் திருத்த விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. நியாயம்தான். அந்த ஃபைல் இரண்டாம் மாடி இரும்பு அலமாரியில் இருக்கிறது. தவறு தம்முடையது என்று பேராசிரியர் பியோ ஒப்புக்கொண்டதாக அதில் இன்றும் இருக்கிறது. கீழே, குறிப்பு எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.